வேலைக்கு நடுவே வணிக மேலாண்மை படிப்பது எப்படி: எது முதலில், எது அப்புறம்

வேலை, வீடு என்று ஓடிக்கொண்டே வணிக மேலாண்மையின் அடிப்படைகளைப் படிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படிப் படித்தவன்தான். பிறகு மாலை நேரக் குழுக்களில் முப்பது, நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பாதியில் நின்றுபோனவர்களில் புத்தி போதாமல் நின்றவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. அவர்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் பாடங்களின் வரிசை.

பாடநூல்கள் திட்டமிடலில் தொடங்கும். ஒழுங்கமைத்தல், வழிநடத்தல் என்று போய்ச் சேரும்போது கணக்கு எங்கோ தனிப் புத்தகத்தில் கிடக்கும். மூன்று வருடம் கையில் வைத்திருக்கும் கல்லூரி மாணவருக்கு அது சரி. வாரத்துக்கு ஐந்து மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் பணம், அப்புறம் வேலை ஓட்டம், வாடிக்கையாளர், ஆட்கள், கடைசியில்தான் திட்டமும் கட்டுப்பாடும். பணம் எங்கே போகிறது என்று தெரியாதவர் போடும் திட்டம் வெறும் ஆசைப் பட்டியலாக நின்றுவிடும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நேரத்தை முதலில் ஒதுக்குங்கள். வாரத்தில் நான்கு நாள் 45 நிமிடம், ஒரு நாள் மட்டும் 2 மணி நேரம். இப்படி 16 வாரம் போதும். சின்ன நாட்களில் வாசிப்பு, பெரிய நாளில் கணக்கு. கணக்கை 45 நிமிடத்தில் பாதியோடு நிறுத்தினால் மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அதனால்தான் இந்தப் பிரிவு.

அடுத்தது சதவீதம். ஒரு சின்னச் சோதனை: 100 என்ற விலை 20 சதவீதம் குறைந்து, பிறகு 20 சதவீதம் ஏறினால் எவ்வளவு? 100 என்று வாய் தானாகச் சொன்னால், ஒரு வாரம் சதவீதக் கணக்கு மட்டும் போட்டுவிட்டு வாருங்கள். விடை 96. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, கணக்கை விட்டு இருபது வருடம் ஆனவர்களில் பலர் இங்கே வழுக்குகிறார்கள்.

எக்ஸெல், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாளில் கூட்டல், பெருக்கல், சதவீதம், ஒரு கட்டத்தை இன்னொரு கட்டத்தோடு இணைப்பது, இவ்வளவு தெரிந்தால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். விலையை ஒரு கட்டத்தில் மாற்றினால் லாபம் தானாக மாறுவதைக் கண்ணால் பார்க்கும்போது பாதிப் பாடம் புரிந்துவிடும்.

பாடநூல் ஒன்றே ஒன்று. மூன்று புத்தகம் வாங்கியவர் மூன்றிலும் முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

2. ஒரே ஒரு தொழிலைப் பிடித்துக்கொள்ளுங்கள்

படிக்கிற ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்க்க ஒரு நிஜத் தொழில் வேண்டும். பத்துப் பேருக்குள் வேலை செய்யும் இடம், ஒரு முக்கியமான பொருள் அல்லது சேவை, மாதம் ஒருமுறை கால் மணி நேரம் உங்களோடு பேச ஒத்துக்கொள்ளும் முதலாளி. இந்த மூன்றும் இருந்தால் சரி.

உலகப் புகழ் நிறுவனங்களை எடுக்காதீர்கள். அவற்றைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகள். உங்கள் சொந்த அலுவலகமும் அவ்வளவு நல்ல தேர்வு இல்லை. பெரிய இடமாக இருந்தால் உங்கள் துறையின் ஒரு துண்டுதான் தெரியும். அதோடு, பாடத்தில் வரும் ஒவ்வொரு தவறுக்கும் உங்கள் மேலாளரின் முகம் வந்து நிற்கும். வயது வந்தவர்கள் படிக்கும்போது அனுபவம் கைகொடுப்பது உண்மைதான், ஆனால் பழைய மனக்கசப்பும் அதன் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இந்தக் கட்டுரை முழுக்க நான் ஒரு பை தைக்கும் பட்டறையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு பை 200க்கு விற்கிறது. துணி, நூல், ஜிப், வண்டிக் கூலி எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 120 ஆகிறது. மாத வாடகை 20,000, மாதச் சம்பளம் 33,000, மின்சாரம், தொலைபேசி 5,000. தையல் இயந்திரங்கள் 1,20,000க்கு வாங்கியவை, ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டு அந்த விலையை 60 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதத் தேய்மானம் 2,000. மாதம் 1,000 பை விற்கிறார்கள்.

இந்த எண்களை இப்போதே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கடைசிவரை வரும்.

3. சொற்களுக்குத் தனி நோட்டு

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. வீட்டுப் பேச்சில் வரவு என்றால் கைக்கு வரும் பணம். கணக்குப்பதிவியலிலோ பணம் உள்ளே வந்தால் ரொக்கக் கணக்கின் பற்றுப் பக்கத்தில் எழுத வேண்டும். உள்ளே வருவது பற்று, வெளியே போவது வரவு. முதல் நாளே இதைக் கேட்டுத் தலை சுற்றி, தனக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு.

வங்கிப் புத்தகம் குழப்பத்தை இன்னும் கூட்டும். நீங்கள் போட்ட பணத்தை வங்கி வரவு என்றுதான் காட்டும். அது வங்கியின் பார்வையிலிருந்து எழுதிய கணக்கு. உங்கள் பணம் அவர்களுக்கு உங்களிடம் பட்ட கடன். யாருடைய ஏட்டில் எழுதுகிறோம் என்ற கேள்வியைக் கேட்டுவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ஒரே பொருளுக்கு இரண்டு மூன்று பெயர் இருப்பதும் நோட்டில் ஏற வேண்டும். ஒரு புத்தகம் இருப்புநிலைக் குறிப்பு என்னும், இன்னொன்று ஐந்தொகை என்னும், அலுவலகத்தில் பேலன்ஸ் ஷீட் என்பார்கள். மூன்றும் ஒன்றே. சொல்லுக்குப் பக்கத்தில் விளக்கம் எழுதுவதைவிட உங்கள் பட்டறையிலிருந்து ஓர் உதாரணம் எழுதுவது நல்லது. தேய்மானம் என்ற சொல்லுக்கு எதிரே 'தையல் இயந்திரம், மாதம் 2,000' என்று எழுதினால் அது மறக்காது.

4. முதல் நான்கு வாரம்: லாபம் வேறு, கையில் இருக்கும் பணம் வேறு

மொத்தப் படிப்பிலும் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான். இதற்கு நான்கு வாரம் கொடுங்கள், அவசரப்படாதீர்கள்.

பட்டறையின் ஒரு மாத லாப நட்டக் கணக்கைப் போடுவோம். விற்பனை 1,000 பை, 2,00,000. பைக்கான நேரடிச் செலவு 1,20,000. வாடகை முதல் தேய்மானம் வரை 60,000. மிச்சம் 20,000 லாபம்.

இப்போது அதே மாதத்தின் ரொக்கத்தைப் பாருங்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் இரண்டு மாதம் கழித்துத்தான் தருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வந்தது 1,00,000. துணிக்காரர் உடனே கேட்கிறார், 1,20,000 போய்விட்டது. வாடகை, சம்பளம், மின்சாரம் 58,000. தேய்மானத்துக்கு யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை, அதனால் அந்த 2,000 இங்கே வராது. ஆக மொத்தம் கையிலிருந்து 78,000 குறைந்திருக்கிறது.

20,000 லாபம் சம்பாதித்த மாதத்தில் 78,000 காணோம்! காணாமல் போகவில்லை, வாடிக்கையாளர்களிடம் 1,00,000 நிலுவையாக உட்கார்ந்திருக்கிறது. 20,000 லாபத்திலிருந்து 1,00,000 நிலுவையைக் கழித்து 2,000 தேய்மானத்தைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 78,000 குறைவு வரும். இந்த ஒரு வரியைத் தாளில் நீங்களே போட்டு நேர்செய்யும் வரை அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். நல்ல லாபத்தில் ஓடும் தொழில் சம்பளம் கொடுக்க முடியாமல் மூடுவது எப்படி என்பது இதில் அடங்கியிருக்கிறது.

இருப்புநிலைக் குறிப்பைக் கடைசியில் எடுங்கள். சொத்துகள் ஒரு பக்கம், அவை யார் பணத்தில் வந்தன என்பது மறுபக்கம்: கடனும் உரிமையாளர் போட்ட முதலும். அந்த நிலுவை 1,00,000 இங்கே சொத்தாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மூன்று அறிக்கைகளும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

இங்கே திரும்பத் திரும்ப வரும் தவறுகள் நான்கு. கடன் வாங்கிய பணத்தை வருமானமாக எழுதுவது. கடன் தவணை முழுவதையும் செலவாக எழுதுவது. வட்டி மட்டும்தான் செலவு, அசல் திரும்பக் கொடுப்பது செலவாகாது. இயந்திரம் வாங்கிய மாதத்திலேயே முழு விலையையும் செலவில் ஏற்றுவது. முதலாளி வீட்டுக்கு எடுத்துப்போனதைத் தொழிலின் செலவில் சேர்ப்பது. கடைசித் தவறு சொந்தத் தொழில் வைத்திருப்பவர்களிடம்தான் அதிகம், அதை ஒத்துக்கொள்ளவும் அவர்களுக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

5. ஐந்தாம், ஆறாம் வாரம்: ஒரு பையில் எவ்வளவு மிஞ்சுகிறது

செலவை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பை கூடுதலாகத் தைத்தால் கூடும் செலவு மாறும் செலவு, இங்கே 120. பை தைத்தாலும் தைக்காவிட்டாலும் வரும் செலவு நிலையான செலவு, இங்கே 60,000. ஒரு பையில் மிஞ்சும் 80தான் அந்த 60,000ஐ அடைக்க வேண்டும். 60,000 ÷ 80 = 750. மாதம் 750 பை விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதைத்தான் பிரேக் ஈவன் என்கிறார்கள்.

இப்போது விரிதாளில் விலையை 200லிருந்து 180 ஆக்குங்கள், வெறும் 10 சதவீதத் தள்ளுபடி. பைக்கு மிஞ்சுவது 60 ஆகிறது. பிரேக் ஈவன் 1,000 பை. அதாவது போன மாதம் விற்ற அதே 1,000 பையை விற்றால் லாபம் பூஜ்யம். பழைய 20,000 லாபம் வேண்டுமென்றால் 1,334 பை விற்க வேண்டும். வகுப்பில் இந்த இடத்தில் ஒரு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. விலையின் மீது லாபச் சதவீதமா, அடக்கவிலையின் மீதா என்று எப்போதும் கேளுங்கள். 120க்கு ஆன பையை 200க்கு விற்றால், விலையில் 40 சதவீதம் மிஞ்சுகிறது, அடக்கத்தின் மேல் ஏறக்குறைய 67 சதவீதம் வைத்திருக்கிறோம். 40 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்று நினைத்து 120ன் மேல் 40 சதவீதம் வைத்தால் விலை 168தான் வரும். ஒவ்வொரு பையிலும் 32 போச்சு.

6. ஏழாம், எட்டாம் வாரம்: வேலை எங்கே தேங்குகிறது

பாடநூலைக் கொஞ்சம் மூடிவிட்டு பட்டறைக்குள் நடந்து பாருங்கள். துணி வெட்டுவது நாளுக்கு 60 பை, தைப்பது 40, ஜிப் வைத்து முடிப்பது 50. நாளுக்கு எத்தனை பை வெளியே வரும்? 40. வேறு எதை வேகப்படுத்தினாலும் 40தான்.

புதிதாகப் படிப்பவர்கள் யாரும் சும்மா உட்காரக் கூடாது என்று நினைத்து வெட்டுகிறவரை நாள் முழுக்க வெட்ட விடுவார்கள். நாளுக்கு 20 துண்டுகள் தேங்கும். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் 500. ஒரு பைக்குத் துணி மட்டும் 80 என்றால் 40,000 மூலையில் குவியலாகக் கிடக்கிறது. நான்காம் பகுதியில் பார்த்த ரொக்கத் தட்டுப்பாடு நினைவுக்கு வருகிறதா? அதில் இதுவும் சேரும்.

தையலை நாளுக்கு 40லிருந்து 45 ஆக்கினால் என்ன ஆகும்? நூல் மாற்றுவது, ஊசி சரிசெய்வது போன்ற வேலைகளை ஓய்வாக இருக்கும் வெட்டுகிறவரிடம் கொடுத்தாலே சில இடங்களில் இவ்வளவு ஏறிவிடும். மாதம் 125 பை கூடுதல். அவை விற்றுப்போனால், பைக்கு 80 வீதம் லாபம் 10,000 கூடும். புது இயந்திரம் இல்லை, விலை ஏற்றமில்லை, 20,000 லாபம் 30,000 ஆகிறது. மாறாக, முந்தைய பகுதியின் தள்ளுபடியைப் போட்டிருந்தால் தேவைப்படும் 1,334 பையைத் தைக்கவே இந்தப் பட்டறையால் முடியாது. விற்பனைப் பிரிவும் உற்பத்திப் பிரிவும் தனித்தனியாக முடிவெடுத்தால் இப்படித்தான் முட்டிக்கொள்ளும்.

7. ஒன்பதாம், பத்தாம் வாரம்: வாடிக்கையாளர்

சந்தைப்படுத்தல் என்றால் விளம்பரம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. பொருள், விலை, கிடைக்கும் இடம், தெரியப்படுத்துவது என்ற நான்கில் விளம்பரம் கடைசி ஒன்றில் ஒரு பகுதி, அவ்வளவே.

வாங்கியவர்கள் ஐந்து பேரிடமும், வாங்கிக்கொண்டிருந்து நிறுத்தியவர்கள் இரண்டு பேரிடமும் பேசுங்கள். 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். 'கடைசியாகப் பை வாங்கியது எப்போது, அதற்கு முன் எதைப் பயன்படுத்தினீர்கள், எதனால் மாற்றினீர்கள்?' என்று நடந்ததைக் கேளுங்கள். நிறுத்தியவர்களிடம் கிடைப்பதுதான் பெரும்பாலும் புதிய சேதி.

விலையை ஏற்றுவதையும் இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 210 ஆக்கினால் பைக்கு 90 மிஞ்சும். 890 பை விற்றாலே 80,100 வந்துவிடும், நிலையான செலவு போக 20,100. ஆக, 1,000ல் 110 பேர் வாங்காமல் போனாலும் லாபம் குறையாது. ஏற்றலாமா வேண்டாமா என்பது வேறு கேள்வி, ஆனால் பயத்துக்கு ஓர் அளவு கிடைத்துவிட்டது.

8. பதினொன்று முதல் பதின்மூன்றாம் வாரம் வரை: ஆட்கள்

தலைமைப் பண்பு பற்றிய பேச்சில் மயங்கித்தான் பலர் இந்தப் படிப்புக்கே வருகிறார்கள். நானும் ஒரு குழுவுக்கு அதையே முதல் பாடமாக வைத்தேன். மூன்று வாரம் ஆளுக்கு ஆள் தங்கள் மேலாளரைத் திட்டித் தீர்த்தார்கள், நான்காவது வாரம் பாதி நாற்காலி காலி. அப்புறம்தான் இந்தப் பாடத்தைப் பின்னால் தள்ளினேன்.

முதலில் எளிய கேள்வி ஒன்றோடு தொடங்குங்கள்: எந்த முடிவை யார் எடுக்கிறார்கள்? துணி வாங்குவது, விலை குறைப்பது, கடனுக்குக் கொடுப்பது, விடுப்பு தருவது, ஒழுங்கில்லாத பையைத் திருப்பி அனுப்புவது. இந்த ஐந்துக்கும் பெயர் எழுதச் சொல்லி முதலாளியிடமும் மேற்பார்வையாளரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பட்டியலும் ஒத்துப்போவது அபூர்வம்.

பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளரும் மேலாண்மைச் சிந்தனையாளருமான ஆன்றி ஃபயோல் 1916ல் எழுதிய 14 கொள்கைகளில் இரண்டு இங்கே நேராகப் பயன்படும். பொறுப்பு கொடுத்தால் அதற்கேற்ற அதிகாரமும் கொடுக்க வேண்டும். ஒரு ஆளுக்கு உத்தரவு ஒருவரிடமிருந்துதான் வர வேண்டும். நாள் தவறாமல் பைகளை அனுப்பும் பொறுப்பு மேற்பார்வையாளருக்கு, ஆனால் உடைந்த ஊசிக்குப் பதில் வாங்கவும் முதலாளி வரும்வரை காத்திருக்க வேண்டும் என்றால், தாமதத்துக்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மற்ற 12 கொள்கைகளைத் தேர்வு இருந்தால் மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

9. கடைசி மூன்று வாரம்: திட்டமும் கட்டுப்பாடும்

இப்போதுதான் பாடநூலின் முதல் அத்தியாயத்தைத் திறக்கிறோம். அடுத்த மாதத்துக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதுங்கள்: எத்தனை பை, என்ன விலை, எவ்வளவு செலவு, எப்போது பணம் வரும். மாதம் முடிந்ததும் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள்.

வித்தியாசத்தைப் படிப்பதில்தான் சூட்சுமம். 1,000 பைக்கு மாறும் செலவு 1,20,000 என்று திட்டம். நடந்தது 1,100 பை, 1,38,600. செலவு 18,600 எகிறிவிட்டது என்று கத்துவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். கூடுதல் 100 பைக்கு 12,000 ஆகத்தான் வேண்டும், அது நல்ல செய்தி. மிச்சம் 6,600தான் விசாரிக்க வேண்டியது: பைக்கு 120 ஆக வேண்டிய இடத்தில் 126 ஆகியிருக்கிறது. துணி விலை ஏறியதா, வெட்டும்போது வீணாகிறதா என்று போய்ப் பார்க்கலாம்.

கண்காணிக்கும் எண்கள் நாலைந்துக்கு மேல் வேண்டாம். விற்ற பை, பைக்கு மிஞ்சியது, கையிலுள்ள ரொக்கம், வராத நிலுவை, திரும்பி வந்த பை. இருபது எண்களைச் சேகரிப்பவர் எதையும் பார்ப்பதில்லை.

10. படித்தது தங்குவதற்கு

வரிகளுக்கு அடியில் கோடு போடுவது படித்த மாதிரி ஒரு திருப்தியைக் கொடுக்கும், பெரிதாக ஒன்றும் தங்காது. புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள், விட்டுப்போனதை வேறு நிற மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. வேற்று நிறம் குறைந்துகொண்டே வந்தால் சரி.

ஒரு வாரம் தவறிவிட்டால் இரண்டு வாரப் பாடத்தையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அடைக்க முயலாதீர்கள். 16 வாரத்தை 17 ஆக்குங்கள். அடைக்க முயன்றவர்கள்தான் அடுத்த வாரமும் வராமல் போனார்கள்.

11. சான்றிதழ் படிப்பில் சேர்வதாக இருந்தால்

இந்த 16 வாரத்துக்குப் பிறகு சேருங்கள், முன்பு வேண்டாம். எந்தப் பாடம் உங்களுக்கு வேண்டும், எது ஏற்கெனவே தெரியும் என்று அப்போதுதான் சொல்ல முடியும். பணம் கட்டும் முன் விளம்பரத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பழைய வினாத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்விகளெல்லாம் 'வரையறு', 'பட்டியலிடு' என்றே இருந்தால் அங்கே சான்றிதழ் மட்டும் கிடைக்கும். சில எண்களைக் கொடுத்து 'இந்த நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள், ஏன்?' என்று கேட்டிருந்தால், அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துவந்து ஒரு பெரிய நாளில் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பாதி எழுத வந்தாலே சேரலாம். ஒரு கேள்வியும் வரவில்லையென்றால் நான்காம் பகுதிக்குத் திரும்பி, அந்த 78,000ஐ இன்னொரு முறை நேர்செய்யுங்கள்.